சவாரோ காட்டை ஓடி ரசிப்பது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்துக்குக் கிழக்கே ஒரு பகுதியும் மேற்கே ஒரு பகுதியுமாக விரிந்திருக்கிறது சவாரோ தேசியப் பூங்கா. சோனோரா பாலைவனத்துக்கே உரிய சவாரோ கள்ளியைக் காப்பதற்காக, தம் பதவிக்காலம் முடிய மூன்றே நாள் இருந்தபோது, 1933 மார்ச் 1 அன்று அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் கிழக்குப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவித்தார். 1961-இல் ஜான் கென்னடி மேற்குப் பகுதியைச் சேர்த்தார். 1994-இல் இரண்டும் தேசியப் பூங்கா ஆயின.

இந்தக் காட்டைக் காரிலும் சுற்றலாம், நடந்தும் பார்க்கலாம். ஆனால் ஓடிப் பார்ப்பதே சிறந்தது என்பேன். ஒரு மணி நேர ஓட்டத்தில் வறண்ட ஓடை, மேடு, வெயில் படும் சரிவு, நிழல் விழும் சரிவு எல்லாவற்றையும் கடந்துவிடுவீர்கள். எந்தச் செடி எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்ற கணக்கு அப்போதுதான் பிடிபடும்.

எங்கே தொடங்குவது?

முதல்முறை வருபவர்கள் கிழக்குப் பகுதியின் கள்ளிக்காட்டு வளையச் சாலையில் தொடங்கலாம். 8 மைல், அதாவது ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தார்ச்சாலை. ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் சமதளத்தில் ஓடும் வேகத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். மூச்சு சீராக இருந்தால்தான் கண் வேலை செய்யும். சாலை பழகியபின், வளையத்தின் நடுவே செல்லும் கள்ளிக்காட்டு மண்தடத்தில் இறங்குங்கள்.

கள்ளியின் வயதைப் படியுங்கள்

சவாரோ மிக மெதுவாக வளர்கிறது. முதல் எட்டு ஆண்டுகளில் அது எட்டும் உயரம் ஒன்று, ஒன்றரை அங்குலம்தான். ஏறத்தாழ 35 வயதில் முதல் பூ. பக்கக் கைகள் முளைக்க 50 முதல் 75 ஆண்டுகள் ஆகும், சிலவற்றுக்கு இன்னும் அதிகம். ஆகவே ஓடும்போது கைகளைக் கவனியுங்கள். பல கைகளோடு 12 மீட்டர் உயர்ந்து நிற்கும் கள்ளி நூறாண்டு தாண்டியதாக இருக்கலாம். கை கீழ்நோக்கி வளைந்து தொங்கினால், என்றோ ஓர் உறைபனி இரவு அதைத் தாக்கியிருக்கிறது என்று பொருள்.

தண்டின் மடிப்புகளையும் பாருங்கள். மழைக்குப் பின் நீரை உறிஞ்சிக்கொண்டு ஆர்மோனியத் துருத்தி போல விரியும், வறட்சியில் சுருங்கும். அண்மையில் மழை பெய்ததா என்பதை அந்த மடிப்பே சொல்லிவிடும். தண்டில் தெரியும் வட்டத் துளைகள் ஹீலா மரங்கொத்தி குடைந்த கூடுகள். அது விட்டுப்போன துளையில் சிற்றாந்தை குடியேறும்.

சரிவையும் நிழலையும் படியுங்கள்

சவாரோவுக்கு உறைபனி ஆகாது. அதனால் வெயில் நன்றாகப் படும் தெற்குச் சரிவுகளில் அடர்ந்து நிற்கிறது. ஒரு குன்றைச் சுற்றி ஓடி வடக்குப் பக்கம் திரும்பியதும் கள்ளிகள் குறைவதைக் காணலாம். மலையில் ஏற ஏற, 1,200 மீட்டரை ஒட்டி அவை ஏறத்தாழ மறைந்தே போகும்.

மெதுவோட்டத்துக்கு வந்ததும் மரத்தடிகளைப் பாருங்கள். பச்சைப் பட்டை கொண்ட பாலோ வெர்டே மரத்தின் கீழோ, நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட் மரத்தின் கீழோ சின்னச் சவாரோ ஒளிந்து நிற்கும். வெயிலிலிருந்தும் பனியிலிருந்தும் இளங்கள்ளியைக் காப்பவை இந்தச் செவிலி மரங்கள்தாம்.

இது புரிந்தால்தான் மண்தடத்தின் ஓரம் நிற்கும் பழைய சுண்ணாம்புக் காளவாய்களின் கதையும் புரியும். 1880 வாக்கில் கட்டப்பட்ட இவற்றில், டூசான் நகரின் கட்டடங்களுக்காகச் சுண்ணாம்பு நீற்றினார்கள். எரித்த விறகு பாலோ வெர்டேயும் மெஸ்கீட்டும். மாடுகளும் மேய்ந்தன. செவிலி மரங்கள் போனதும் இளங்கள்ளிகள் பிழைக்கவில்லை. 1930-களின் புகைப்படங்களில் நெருக்கமாகத் தெரியும் காடு பின்னாளில் வெகுவாக இளைத்துப்போனதற்கு, உறைபனியோடு இதுவும் ஒரு காரணம். மேய்ச்சல் நின்றபின் எழுந்த புதிய தலைமுறையைத்தான் இன்று மரத்தடிகளில் காண்கிறோம். காளவாய் அருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த நிறுத்தம் ஓட்டத்தைக் கெடுக்காது.

மேற்கே ஏறுங்கள்

கால்கள் பழகியதும் மேற்குப் பகுதியின் ஹியூ நாரிஸ் தடத்துக்குச் செல்லுங்கள். 1,428 மீட்டர் உயரமான வாசன் சிகரத்துக்கு மலைமுகடு வழியே ஏறும் கற்பாதை. டொஹோனோ ஓதம் என்னும் பழங்குடி மக்களின் காவல் தலைவராக இருந்தவரின் பெயரைத் தாங்கியது. பொருளாதார மந்தக் காலத்தில் அரசு வேலை கொடுத்த இளைஞர்கள் அமைத்தது. அதே பகுதியிலுள்ள சிக்னல் குன்றில், ஹோஹோகம் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் பாறையில் செதுக்கிய சுருள்களையும் உருவங்களையும் காணலாம். பார்க்கலாம், தொடக்கூடாது.

ஓதம் மக்களுக்குச் சவாரோவும் ஒரு மனித உயிர்தான். ஜூன் இறுதியில் நீண்ட கழியால் அதன் பழங்களை இன்றும் பறிக்கிறார்கள். அவர்களின் புத்தாண்டும் மழை வேண்டும் சடங்கும் அந்தப் பழத்தோடு பிணைந்தவை. உப்பு எடுக்கக் கலிபோர்னியா வளைகுடா வரை பாலையைக் கடந்து ஓடிய இளைஞர்களின் மரபும் அவர்களுடையது. இந்த மண்ணில் ஓட்டம் மிகப் பழையது.

எப்போது, எப்படி?

நவம்பர் முதல் மார்ச் வரை ஓடுவதற்கு ஏற்ற காலம். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும், அப்போது விடியற்காலை மட்டுமே சரி. மே மாத விடியலுக்கு ஒரு பரிசு உண்டு: வௌவால்களுக்காக இரவில் விரிந்த சவாரோவின் வெள்ளைப் பூக்கள் அப்போதும் விரிந்தே இருக்கும், பிற்பகலில் வாடிவிடும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்குப் பின் கிரியோசோட் புதர் கிளப்பும் வாசனைக்காகவே ஓடலாம். ஆனால் ஓடையில் வெள்ளம் வந்தால் கடக்காதீர்கள்.

தடங்களில் குடிநீர் கிடையாது, சுமந்து செல்லுங்கள். ஒரு சீப்பும் வேண்டும். உரசினாலே ஒட்டிக்கொள்ளும் சோய்யா கள்ளியின் முள்துண்டைக் கையால் பிடுங்காமல் சீப்பால் தள்ளிவிடுவதே உள்ளூர் வழக்கம். பாம்புகள் உள்ள நிலம் என்பதால் காதில் பாட்டு வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று இந்தக் காட்டுக்குப் பெரிய ஆபத்து பஃபெல் புல். கொங்கு நாட்டு மேய்ச்சல் காடுகளில் மாடுகளுக்கு அருமையான தீவனமாக விளையும் நம் கொழுக்கட்டைப் புல்தான் அது. தீவனத்துக்காக அமெரிக்கா போன அந்தப் புல், சோனோராவில் செடிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பித் தீயைப் பரப்புகிறது. தீயைத் தாங்கும் சக்தி சவாரோவுக்கு இல்லை. அந்தப் புல்லின் விதை காலுறையிலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். ஓடும் முன்பும் ஓடி முடித்த பின்பும் காலணியை நன்றாகத் தட்டித் துடையுங்கள். தடத்தை விட்டு விலகாதீர்கள்.