ஔவை கண்ட வேலும் கிரியான் கரை கண்ட போரும்

புறநானூற்றின் 95ஆம் பாட்டைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். வஞ்சப்புகழ்ச்சி அணிக்குச் சான்று காட்ட வேண்டிய இடத்தில் முதலில் நாவில் வருவது அதுவே. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அங்கிருந்த வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் பொலிந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வதுபோல் பழித்தார், பழிப்பதுபோல் புகழ்ந்தார். வகுப்பறை விளக்கம் பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடும்.

பாட்டு இவ்வளவில் நிற்கவில்லை. உணவு உள்ளபோது பிறர்க்கு அளித்து, இல்லாதபோது இருப்பதைச் சுற்றத்தாருடன் கூடி உண்பவன், வறியோர் சுற்றத்திற்குத் தலைவன் எங்கள் கோமான். அவனுடைய வேல்களே அவை என்று சொல்லியே அது நிறைவுறுகிறது. இப்பகுதியைக் கொடைப்புகழ் என்று கொண்டு விரைந்து கடப்பது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு கடந்தால் பாட்டின் உயிர்நிலையே விடுபட்டுப்போகும். ஒரு படையைப் படையாக்குவன எவை என்னும் வினாவிற்கு ஔவையார் தந்த விடையின் முடிவுப்பகுதி அதுவே.

தொடரமைப்பே சான்று

பாட்டின் தொடரமைப்பை நோக்குக. இவை, அவை என்னும் இரு சுட்டுகள் எதிரெதிராக நிற்கின்றன. அவை கொல்லன் கொட்டிலில் உள்ளன என்று கேட்ட பின்னும் அவை எவை, யாருடையவை என்பது வெளிப்படவில்லை. வேல் என்னும் பெயர் பாட்டின் இறுதியில்தான் வருகிறது. சுட்டிற்கும் பெயருக்கும் இடையே ஔவையார் வைத்தது சோற்றுப் பகிர்வு. அதைத் தாண்டாமல் கேட்போர் வேலை அடைய இயலாது. இது தற்செயலாக நேர்ந்த அமைப்பு ஆகாது. தீட்டிய கருவி ஒன்று. அது பயன்பட்டுத் தேய்ந்து உலைக்களத்தில் மீண்டும் உருவாகும் பழக்கம் மற்றொன்று. கருவி ஏந்துவோனோடு ஒரே கலத்தில் உண்ணும் தலைவனின் உறவு மூன்றாவது. இம்மூன்றும் ஒரே தொடரில் பிணைக்கப்பட்டுள்ளன.

உண்போர் இரவலரேயன்றி மறவர் அல்லர் என்று சிலர் மறுக்கலாம். ஆயின் இப்பாட்டின் துறை வாண்மங்கலம் என்று வகுக்கப்பட்டிருக்கிறது, படைக்கலமே பேசுபொருள். வெட்சித் திணையிலேயே உண்டாட்டு ஒரு துறையாக நிற்கிறது. செஞ்சோற்றுக்கடன் என்னும் சொல் தமிழரிடை இன்றும் வழங்குகிறது. சோறும் போரும் அக்காலத்தில் தனித்தனி உலகங்கள் அல்ல. 312ஆம் பாட்டில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளங்காளை என ஐவரின் கடமைகளை அடுக்குகிறார். வேந்தனின் கடமை ஒரு பாடத்தில் 'நன்னடை' நல்குதல். மற்றொரு பாடத்தில் 'தண்ணடை' நல்குதல். முன்னது நல்லொழுக்கப் பயிற்சி. பின்னது மருதநிலக் கொடை. எப்பாடத்தைக் கொண்டாலும், வேல் வடித்துக் கொடுத்த கொல்லனோடு பணி முடியவில்லை, தலைவனின் கடமை எஞ்சியிருக்கிறது என்பதே கருத்து.

கிரியான் கரை

பேராக் மாநிலத்தின் வடமேற்குக் கோடியில், கிரியான் ஆற்றங்கரையில், பாரிட் புந்தார் இருக்கிறது. ஆற்றைக் கடந்தால் நிபோங் திபால். சுற்றிலும் நெல்வயல்களும் நீர்க்கால்வாய்களும். அவற்றினூடே வடக்கையும் தெற்கையும் இணைக்கும் சாலையும் இரயில் பாதையும் செல்கின்றன. இங்கே இப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு உரைநூல்களில் கிடைக்காத ஒரு துணை உண்டு. 1941 டிசம்பரில் கெடாவில் தோற்ற 11ஆம் இந்தியப் படைப்பிரிவு இந்த ஆற்றுக்குத் தெற்கேதான் பின்வாங்கிற்று. டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. எழுபது நாளில் முடிந்த அப்போர், ஔவையாரின் மூன்று அளவைகளுக்கும் உரைகல்லாக அமைகிறது.

முதலாவது கொட்டிலில் பொலியும் வேல். சிங்கப்பூரில் 15 அங்குல வாயுடைய பெரும்பீரங்கிகள் ஐந்து இருந்தன. அவை கடலை நோக்கியே நின்றன, நிலத்தின் பக்கம் திரும்பவே இயலாதவை என்பது பலகாலம் வழங்கிய கதை. உண்மை அதனினும் கசப்பானது. அவற்றுள் மூன்று நிலத்தின் பக்கம் திரும்பிச் சுட்டன. ஆயின் அவற்றிற்கெனச் சேர்த்துவைத்த குண்டுகளிற் பெரும்பாலானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கு ஆனவை; காலாட்படைக்கு எதிரே அவை சிறிதே பயன்பட்டன. அவ்வாறே 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் காவல் விமானங்கள் இன்றிச் சென்று, டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. பீலியும் மாலையும் சூடி நின்ற வேல்கள் இவை. கருவி பொய்யன்று, அது எதிர்நோக்கிய போர் வேறு, வந்த போர் வேறு.

இரண்டாவது உலைக்களம். ஜப்பானியர் கையாண்ட கருவிகளுள் மிக எளியது சைக்கிள். பின்வாங்குவோர் பாலங்களை வெடிவைத்துத் தகர்த்தபோது, வருவோர் சைக்கிளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தனர். டயர் வெடித்தால் வெறும் வளையத்தின்மீதே ஓட்டினர். படையோடு பழுது பார்ப்போர் வந்தனர். போருக்கு முன்பே ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயாவில் விற்பனையாகியிருந்ததால் உதிரிப்பாகங்கள் ஊர்தோறும் கிடைத்தன. கொல்லன் கொட்டில் களத்தை விட்டு அகலாமல் உடன்வந்தது என்றே சொல்லலாம். 1941ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தைவானில் வெப்பநாட்டுப் போர்முறையை ஆராய ஒரு குழு அமைந்தது. அதில் முதன்மையானவர் சுஜி மசனொபு. அக்குழு உருவாக்கிய சிறு கையேடு வீரர் கையில் கொடுக்கப்பட்டது.

எதிர்ப்பக்கத்தில் நிலை என்ன? இந்தியப் படையை விரைந்து பெருக்கும் பொருட்டுப் பழைய பட்டாளங்களிலிருந்து தேர்ந்த அதிகாரிகளும் ஹவில்தார்களும் எடுக்கப்பட்டுப் புதிய பட்டாளங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் இடத்தில் அண்மையில் சேர்ந்த இளைஞர் நின்றனர். மலாயாவில் ஆங்கிலேயரிடம் டாங்கிகள் இல்லை. ஜித்ராவில் நின்ற இந்தியச் சிப்பாய்களிற் பலர் டாங்கியை முதன்முதலாகக் கண்டது அது தம்மை நோக்கி வந்தபோதுதான். குறை அவர்களின் மறத்தில் இல்லை. டிசம்பர் இறுதியில் தொடங்கிய கம்பார்ப் போரில் ஆங்கிலேயரும் சீக்கியரும் கூர்க்கரும் நாள்கணக்கில் எதிர்த்து நின்றதை ஈப்போ வட்டாரம் அறியும்.

பயிற்சி மட்டுமே போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் பிழை. ஆர்கைல் படையணி போருக்கு முன்பே மலாயாக் காட்டில் கடும்பயிற்சி பெற்றது. கிரிக் சாலையில் அப்பயிற்சி நன்கு பயன்பட்டது. ஆயினும் 1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ஆற்றருகே டாங்கிகள் இருளில் சாலைவழியே பாய்ந்து வந்தபோது, அவற்றைத் தடுக்கும் பீரங்கிகளும் கண்ணிகளும் உரிய இடத்தில் இல்லாமையால் அந்த அணியும் சிதறுண்டது. உலைக்களம் மட்டும் இருந்து வேல் வாராவிட்டாலும் படை வீழும். ஔவையாரும் வேல் வேண்டாம் என்று சொல்லவில்லையே!

ஒரே கலம்

மூன்றாவது அளவை பலராலும் மறக்கப்பட்டது. மலாயாவில் வெள்ளையர் சங்கங்கள் பலவற்றில் இந்திய அதிகாரிகள் நுழைந்து உடனிருந்து உண்ண இயலாது. களத்தில் தோளோடு தோள் நிற்க வேண்டியவன் உணவுமேசையில் வேண்டாதவனாயினான். டிசம்பர் 16ஆம் நாள் இரவு பினாங்கைக் கைவிட்டபோது ஐரோப்பியர் மட்டும் வெளியேற்றப்பட்டனர். தீவின் பிற மக்கள் விடப்பட்டனர். அன்று அழிக்காமல் விட்டுச்சென்ற படகுகளும் வானொலி நிலையமும் ஜப்பானியருக்கு உதவின. படகுகளைவிடப் பெரிய இழப்பு நம்பிக்கை. கிரியான் கரையிலிருந்து பினாங்கு தொலைவில் இல்லை. அச்செய்தி தோட்டங்களை எட்ட நெடுநாள் ஆகியிராது.

ஜித்ரா தோல்விக்குப்பின் கெடாவில் சரணடைந்த கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய இராணுவத்திற்கு வித்திட்டார். 1942 பிப்ரவரி 17இல் சிங்கப்பூர் பாரர் பூங்காவில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கில அதிகாரிகளினின்றும் பிரிக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுள் பல்லாயிரவர் புதிய படையில் சேர்ந்தனர். சேர்ந்தமைக்குக் காரணங்கள் பல: நாட்டுப்பற்று, சிறைமுகாமின் துன்பம், அச்சம். உடனுண்ணாத தலைமையும் அவற்றுள் ஒன்று என்பதை மறுத்தல் அரிது.

வென்ற ஜப்பானியர் இவ்வளவையில் தேறினரா? இல்லை. அவர்களிடம் வேல் இருந்தது, உலைக்களம் இருந்தது. ஆனால் வென்ற மண்ணின் மக்களுக்கு அவர்கள் அளித்தது பஞ்சமும் கொலையும் சயாம் இரயில்பாதையின் கொத்தடிமையும். தோட்டத் தமிழர் பல்லாயிரவர் அங்கே மடிந்தனர். படைத்திறமும் படைமாட்சியும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தொழிலாளரும் எழுத்தரும் சேர்ந்தனர். தொண்டைமானின் நிலைக்கு இது நேர்மாறு: ஆள் உண்டு, பயிற்சி உண்டு, கருவி போதாது. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த பெண்களும் துப்பாக்கி ஏந்தப் பழகினர். ஈப்போவில் பிறந்த இராசம்மா பூபாலன் அப்படையில் இளம்பருவத்தில் சேர்ந்தவர். பின்னாளில் ஆசிரியராகி, 1960இல் பெண்ணாசிரியர் சங்கத்தை நிறுவினார். போரை அப்படை வெல்லவில்லை. ஆயினும் பயிற்சி ஆளை மாற்றியது. மாறிய ஆள் மீண்டும் பழைய இடத்தில் அடங்கவில்லை.

இதனை நன்கு கண்ட புனைகதையாசிரியர் ப. சிங்காரம். 1959இல் நூலாக வந்த 'கடலுக்கு அப்பால்' நாவலில், பட்டாளத்திலிருந்து பினாங்கின் வட்டிக்கடைக்கு மீளும் செல்லையா இனித் தொழிலுக்குப் பொருந்தான் என்று முதலாளி கருதுவதே கதையின் முடிச்சு. ஔவையார் பழக்கத்தின் தழும்பை வேலின் நுனியில் கண்டார். சிங்காரம் அதை மனிதனின் மனத்தில் கண்டார். வேலை உலையிலிட்டுத் திருத்தலாம். போர்ப்பயிற்சி பெற்றவனைக் கணக்குப்பிள்ளையின் மேசைக்கு மீட்பது எளிதன்று. 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யிலும் இச்சிக்கலே விரிந்து பெருகுகிறது.

பாட்டின் எல்லை

திறனாய்வு நேர்மையாக இருக்க வேண்டுமாயின் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. வேல் தேய்ந்த அதியமானும் இறுதியில் வீழ்ந்தான். அவனது தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் பாடினார். அதியமான் மறைவுக்கு ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டுகளும் புறநானூற்றிலேயே உள்ளன. எனவே 95ஆம் பாட்டை வெற்றிக்கு வாய்பாடு என்று கற்பிப்பது பொருந்தாது. மூன்றும் உடையவன் தோற்கவும் கூடும். தோற்றபின் அவனுக்காக அழுவோர் இருப்பர். பெருங்கொட்டில் உடையவனுக்கு அதுவும் உறுதியில்லை.

இன்றைய போர்க்கருவி ஆளில்லா விமானம். 2022 முதல் உக்ரேனில் நடக்கும் போரில் விலை மலிந்த சிறு டிரோன்கள் விலையுயர்ந்த டாங்கிகளை அழிக்கின்றன. போர்முனைக்கு அருகிலுள்ள பட்டறைகளில் அவை பழுது பார்க்கப்பட்டு, எதிரியின் புதுத் தடைக்கு ஏற்ப மாற்றியமைக்கப்படுகின்றன. கொல்லனின் சிறு கொட்டில் மீண்டும் களத்தருகே வந்துவிட்டது. ஔவையாரின் இரண்டாம் அளவை இன்னும் உயிரோடிருக்கிறது. மூன்றாம் அளவைக்குத்தான் சோதனை மிகுதி. நெடுந்தொலைவில் திரைமுன் அமர்ந்து கருவியை ஏவுபவனும், ஆணையிடும் தலைவனும், குண்டு விழும் ஊரின் மக்களும் ஒரே கலத்தில் உண்பவர் அல்லர். இடைவெளி பெருகுந்தோறும் கருவி தேர்ந்தெடுக்கும் இலக்கிற்கு யார் பொறுப்பு என்னும் வினாவும் பெருகும்.

தேர்வுக்கு வஞ்சப்புகழ்ச்சி போதும். ஆசிரியர் அதைக் கற்பிக்கட்டும். அதன்பின் மாணவரை நோக்கி ஒரு வினா எழுப்பட்டும்: வேலைப் பாடவந்த ஔவையார் இடையே சோற்றை ஏன் பாடினார்? பாரிட் புந்தார் வட்டாரத்து இளைஞர்களுள் சிலர் நாளை இராணுவத்திலோ காவல்துறையிலோ சேரலாம். அவர்கள் ஏந்தப்போகும் கருவியைப் பள்ளி தெரிவு செய்யாது; பயிற்சியையும் அது அளிக்காது. தம்மை ஏவுவோன் தம்மோடு உண்பவனா என்றும், தாம் காக்கும் மக்களோடு தாம் உண்பவரா என்றும் கேட்கும் அறிவைப் பள்ளி அளிக்கலாம். அதற்கு அந்தப் பாட்டின் கடைசி அடிவரை படிக்க வேண்டும்.