பூவின் பெயரோடு வீடு திரும்புதல்

ஒரே ஆசிரியர், ஒரே திண்ணை, ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் என்னும் அமைப்பைக் கொண்டிருந்த திண்ணைப் பள்ளிக்கூடம், வகுப்பறையை ஆளும் கலை எத்தனை நுட்பமானது என்பதைக் காட்டும் பழைய சான்றாகும். ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின் முடிவில், சென்னை மாகாணத்தில் 12,498 கல்விக்கூடங்கள் இருந்ததாக 1826இல் பதிவாயிற்று. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டமும் அக்கணக்கில் அடங்கும். அவை கற்பித்தவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். பிள்ளைகளைக் கலையாமல் உட்காரவைத்துக் கற்கச் செய்த உத்திகளோ போதிய அளவு ரசிக்கப்படவில்லை.

அக்கணக்கெடுப்புக்காகப் பெல்லாரி மாவட்டத்தின் ஆட்சியர் கேம்பல் 1823இல் எழுதிய அறிக்கையில் காலைவரவைப் பற்றிய குறிப்பு ஒன்று உண்டு. முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரும், இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழியும் எழுதப்படும். மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு எனப் பிந்தி வருபவர்க்கு அடி ஏறிக்கொண்டே போகும். கடிகாரமில்லாத ஊரில் வந்துசேரும் வரிசையையே கடிகாரமாக்கிய இந்த ஏற்பாட்டில், பாராட்டும் இல்லாத பழியும் இல்லாத அந்தச் சுழியே மிக நயமான பகுதி. கடைசியாக வந்தவனின் வீங்கிய கையை நினைத்தால் அந்த நயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற தண்டனைகளும் இதே திண்ணையில்தான் இருந்தன. உடல் தண்டனையை நாடளவில் சட்டம் விலக்க 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரம்பைவிட ஆழமாக வேலை செய்தவன் சட்டாம்பிள்ளை, அதாவது ஆசிரியருக்கு அடுத்தபடியாக வகுப்பைக் கவனிக்கும் மூத்த மாணவன். புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் அகரம் எழுதவைக்கும்போது அவன் தான் கற்றதை இரண்டாம் முறை கற்றான். ஆசிரியரோ அந்நேரத்தில் மற்றொருவனுக்கு ஓலையில் அடுத்த பாடத்தை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். இன்னொரு உத்தியான முறை வைத்தல் என்பது ஒருவன் முன்சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் பயிற்சி. முந்திரி (320இல் ஒரு பங்கு), மாகாணி (16இல் ஒரு பங்கு), அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) என எண்சுவடி வாய்ப்பாடு கூட்டுக்குரலில் எழும்போது, முகம் பாராமலே எந்தக் குரல் தடுமாறியது, எந்தக் குரல் நின்றுபோயிற்று என்று கண்டறியும் செவி அந்த ஆசிரியருக்கு வாய்த்திருந்தது. வெளியில் கேட்டவர்க்கு அது இரைச்சல்; உள்ளே இருந்தவர்க்கு அதுவே ஒழுங்கு.

உத்திகளில் தலைசிறந்தது மாலையில் நடந்தது. வீடு திரும்பும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு விலங்கு, ஒரு பறவை, ஓர் ஊர் ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லியனுப்பி, மறுநாள் காலையில் அவற்றைத் திருப்பிக் கேட்கும் வழக்கத்தை உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் விவரித்திருக்கிறார். கடலூர் முதுநகரில் ஒரு பிள்ளை தாழம்பூவையும் நாரையையும், சிதம்பரத்தில் ஒரு பிள்ளை செண்பகத்தையும் கிளியையும் முணுமுணுத்தபடி தெருவைக் கடந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். செலவில்லாத இந்த வீட்டுப்பாடம் நினைவாற்றலை வளர்த்ததோடு, பள்ளி கலையும் நேரத்து ஆரவாரத்தையும் அடக்கியது. வாயில் பெயரைச் சுமப்பவனுக்குக் கூச்சல் போட வாயேது?

சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியிலும் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து 1797இல் லண்டனில் நூலாக்கினார். அது இங்கிலாந்தில் சென்னை முறை என்றே பெயர் பெற்றது. சட்டாம்பிள்ளை கடல் கடந்தான். மாலைப்பூ திண்ணையிலேயே தங்கிவிட்டது.

அந்தத் திண்ணையும் எல்லாப் பிள்ளைகளும் ஏறக்கூடியதாக இருக்கவில்லை. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், படிப்படியாகக் கடினம் கூடும்படி அவர் எழுதிய பாலபாட நூல்களும் கல்வியைத் திண்ணையிலிருந்து அச்சுநூலுக்குக் கொண்டுவந்தன என்றால், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக அதே ஊரில் 1916இல் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் பள்ளி, திண்ணையில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு இருக்கை தந்தது. எந்த உத்திக்கும் முந்தைய உத்தி, பிள்ளையை உள்ளே வரவிடுவது.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் பழைய திண்ணையை வேறு உருவில் மீட்டது. பாடம் சிறு அட்டைகளாகப் பிரிந்து கற்றல் ஏணி என்னும் வரைபடத்தில் படிகளாயிற்று. ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவரின் முழு உதவி, பகுதி உதவி, தானே கற்றல், மதிப்பீடு என ஆறு குழுக்களாகப் பிள்ளைகள் பாயில் அமர்ந்தனர். இதன் அழகுமிக்க பொருள் சுவரின் அடிப்பகுதியில் கட்டங்கட்டமாக அமைந்த கீழ்மட்டக் கரும்பலகை: குந்தியிருக்கும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு பங்கு கரும்பலகை இருக்க, கை ஓய்ந்த பிள்ளைக்குத்தான் குறும்பு வரும் என்பதை அறிந்தவர்களின் வேலையாக அது தெரிகிறது. அட்டைகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்வதிலேயே ஆசிரியரின் பொழுது கரைந்தபோது, முறை வைத்தலைக் கேட்ட அந்தச் செவி மட்டும் அதில் குறைந்தது.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவர்களின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. பின்தங்கியவன் என்று சொல்லாமல் அரும்பு என்று சொல்வதில் ஒரு நாகரிகம் உண்டு. ஆயினும் திண்ணைப் பிள்ளை பெற்றுச் சென்ற பூ, மறுநாள் காலையில் ஒப்பித்ததும் இறங்கிவிட, அன்று மாலையே வேறு பூ கிடைத்தது. இன்றைய அரும்போ அடுத்த மதிப்பீடு வரும் வரை அந்தப் பெயரோடுதான் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடக்கிறது.