வேலைக்காரியின் முகம்: சிசிலி டைசனின் நடிப்பு வாழ்வு

நடிகை ஒருவரைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஒரு காலத்தில் நானும் அப்படி முகம் சுளித்தவன்தான். ஆனால் எனது சிறுகதை ஒன்று எந்த இடத்தில் பிழைத்தது என்பதை எனக்கு விளங்க வைத்தவர் ஒரு நடிகை. அந்த வகையில் இக்கட்டுரை ஒரு கடன் தீர்ப்பு. அவர் பெயர் சிசிலி டைசன். அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் நாடக மேடையிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்து, 2021 ஜனவரி 28இல் தனது 96ஆவது வயதில் காலமான கறுப்பினப் பெண்மணி.

முதலில் எனது கதையைச் சொல்லி விடுகிறேன். ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிய புதிதில், மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன ஒரு தாயைப் பற்றி எழுதினேன். அக்காலத்தில் நம்மில் எழுதாதவர் யார்? கதை அச்சில் வந்தது, நண்பர்கள் பாராட்டினார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எனது உம்மாவும் அப்படிப் போனவதான். சஞ்சிகையைக் கொண்டு போய் அவவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டா. பிறகு, "இவ தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் அழுதுகொண்டே இருக்கிறாவே மகன், சமைச்சது எப்ப?" என்றா.

அக்கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடிய நாட்களில்தான், கலாசாலையில் ஆங்கில விரிவுரையாளர் ஒருவர் வீடியோ கசெட்டில் காட்டிய 'சவுண்டர்' என்ற படம் திரும்பவும் நினைவுக்கு வந்தது. அதில் ஏழை விவசாயியின் மனைவியாக நடித்தவர்தான் டைசன்.

அவர் 1924 டிசம்பர் 19இல் நியூயோர்க்கில் பிறந்தார். ஹார்லெம் பகுதியில் வளர்ந்தார். பெற்றோர் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான நெவிஸிலிருந்து குடியேறியவர்கள். தகப்பன் தச்சு வேலையும் வர்ணப்பூச்சு வேலையும் செய்தவர். தாய் பிறர் வீடுகளில் வேலைக்காரி. இந்த ஒரு தகவலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அது தேவைப்படும்.

தாய் தேவாலயமே கதியென்று வாழ்ந்தவர். செஞ்சிலுவைச் சங்கத்தில் தட்டெழுத்து வேலை பார்த்த மகள், அவ்வேலையை உதறிவிட்டு விளம்பர மாதிரியாகவும் பின்னர் நடிகையாகவும் மாறியபோது, தாய் அதைப் பாவமென்றே கருதினார். நடிப்புத்தான் வேண்டுமென்றால் இந்த வீட்டில் இடமில்லை என்று மகளை வெளியேற்றினார். நெடுநாள் இருவருக்குமிடையே பேச்சு வார்த்தை இல்லை. பின்னொரு நாள் மகளின் நாடகத்தைப் பார்க்க வந்த பிறகே தாயின் மனம் இளகியது. இத்தகைய தாய்மாரை நமக்குத் தெரியாதா? அந்தத் தாயின் அச்சத்தை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. கறுப்பினப் பெண்ணை மேடையும் திரையும் அதுவரை எப்படிக் காட்டி வந்தன என்பதை எண்ணினால், அந்த அச்சம் முழுவதும் மூடத்தனமல்ல.

1961இல் ஜோன் ஜெனேயின் 'கறுப்பர்கள்' நாடகம் நியூயோர்க்கில் மேடையேறியபோது மாயா ஏஞ்சலோ, ஜேம்ஸ் ஏர்ள் ஜோன்ஸ் போன்றோருடன் டைசனும் நடித்தார். 1963இல் 'ஈஸ்ட் சைட் வெஸ்ட் சைட்' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஒரு சமூக சேவை அலுவலகத்தின் செயலாளராகத் தோன்றினார். கறுப்பினப் பெண்கள் தமது சுருள் முடியைச் சூடு வைத்து நேராக்கிக்கொள்வதே நாகரிகம் என்று கொள்ளப்பட்ட காலம் அது. டைசன் தமது முடியைக் குறுக வெட்டி, இயல்பான சுருளோடு வாராவாரம் திரைக்கு வந்தார். தொடர் ஓராண்டுடன் நின்று விட்டது. ஆனால் தன் தலைமுடி வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல என்பதை அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பெண்கள் பலர்.

இனி 'சவுண்டர்'. மார்ட்டின் ரிட்டின் நெறியாள்கையில் 1972இல் வெளிவந்த படம். 1933ஆம் ஆண்டு, லூசியானாவின் கிராமமொன்றில் பிறர் நிலத்தை வாரத்துக்குச் செய்யும் கறுப்பினக் குடும்பம். நமது பக்கத்துப் போடியாருக்கும் வயற்காரனுக்கும் இடையிலிருந்த கணக்குகளை அறிந்தவர்களுக்கு இக்குடும்பத்தின் நிலையை விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளின் பசி பொறுக்காமல் தகப்பன் இறைச்சி திருடி, கடூழியச் சிறைக்குப் போகிறான். மனைவி ரெபேக்கா பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயிரைக் கரை சேர்க்கிறாள்.

ரெபேக்கா அழக் கூடிய இடங்கள் படத்தில் நிறைய உண்டு. டைசன் அந்த இடங்களிலெல்லாம் வேலை செய்கிறார். துணி துவைக்கிறார், சமைக்கிறார், மண்ணில் நிற்கிறார். துயரம் அவருடைய கைகளில் தெரிகிறது. கடைசியில் கால் ஊனப்பட்ட கணவன் தொலைவில் நொண்டி வருவதைக் கண்டு அவள் ஓடுகிறாளே, அது சினிமா நாயகியின் ஓட்டமல்ல. நெடுங்காலம் பொத்தி வைத்திருந்த உடம்பு ஒரேயடியாக அவிழ்ந்து ஓடுகின்ற ஓட்டம். அதுவரை அழாதவள் என்பதால்தான் அந்த ஓட்டம் நம்மை அழ வைக்கிறது. எனது கதையில் நான் செய்யத் தவறியது இதைத்தான்.

இப்படத்துக்காக டைசனின் பெயர் ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது; விருது கிடைக்கவில்லை. ஆனால் அவரது வாழ்வைத் திருப்பியது வேறொன்று. படத்தைப் பற்றிப் பேச வந்த வெள்ளையின ஊடகவியலாளர் ஒருவர், கறுப்பினச் சிறுவன் தன் தகப்பனை 'டாடி' என்று அழைப்பது தமக்கு விசித்திரமாக இருந்ததாகவும், தமது பிள்ளைகளும் தம்மை அப்படித்தான் அழைப்பதாகவும் சொன்னாராம். தமது மக்கள் மனிதர்கள் என்பதே இன்னும் நிரூபிக்கப்பட வேண்டிய விடயமாக இருக்கிறதே என்று அப்போது திகைத்ததாகவும், இனி நடிப்பையே அதற்கான மேடையாக்குவதென அன்று தீர்மானித்ததாகவும் டைசன் பின்னாளில் பல தடவை கூறியிருக்கிறார்.

அதன் பின் அவர் மறுத்த பாத்திரங்கள் பல. போதைப்பொருள் வியாபாரியும் விலைமாதுமாகவே கறுப்பினத்தவரைக் காட்டிக் காசு பார்த்த படங்கள் மலிந்திருந்த காலம் அது. அவற்றை அவர் பகிரங்கமாகவே கண்டித்தார். மறுப்பின் விலை, வேலையின்றி வீட்டில் இருத்தல். அந்த விலையையும் அவர் கொடுத்தார்.

இங்கே ஒரு தவறான புரிதலைக் களைய வேண்டும். டைசன் வேலைக்காரிப் பாத்திரங்களை ஏற்காதவர் என்று சிலர் புகழ்வதுண்டு. அது சரியல்ல. 1994இல் அவருக்கு எமி விருது பெற்றுத் தந்த பாத்திரம், ஒரு வெள்ளையர் வீட்டில் வேலை செய்யும், முன்னர் அடிமையாயிருந்த பெண். 2011இல் வெளிவந்த 'த ஹெல்ப்' படத்தில் வரும் கொன்ஸ்டன்டைனும் வேலைக்காரிதான். தன் தாய் செய்த தொழிலை அவர் எப்படி இழிவென்று தள்ளியிருப்பார்? முகமில்லாத வேலைக்காரியைத்தான் அவர் தள்ளினார். தேநீர்த் தட்டைக் கொண்டு வந்து வைத்துவிட்டு மறைந்து போகும் கை, அல்லது எஜமானியின் நல்ல மனதை நிரூபிப்பதற்காகவே அழும் கண். இந்த இரண்டும் அவருக்கு வேண்டாம். இந்த வேறுபாடே அவரது கலையின் சாரம் என்பது எனது துணிபு.

தொலைக்காட்சி அவருக்குக் கொடுத்த ஆகப்பெரிய வாய்ப்பு 1974 ஜனவரி 31இல் ஒளிபரப்பான 'மிஸ் ஜேன் பிட்மனின் சுயசரிதை'. ஏர்னஸ்ட் கெய்ன்ஸ் 1971இல் எழுதிய நாவல் அதன் மூலம். அடிமையாகப் பிறந்து, விடுதலையைக் கண்டு, சிவில் உரிமைப் போராட்டக் காலம் வரை வாழும் பெண்ணொருத்தியின் கதை. இளமை முதல் 110 வயது வரை டைசனே நடித்தார். அத்தனை ஒப்பனைப் பூச்சுக்கு அடியிலிருந்தும் அந்தக் கண்கள் வேலை செய்கின்றன. படம் ஒன்பது எமி விருதுகளைப் பெற்றது. அவற்றில் இரண்டு டைசனுக்குரியவை.

இறுதிக் காட்சி புகழ்பெற்றது. வெள்ளையருக்கு மட்டுமென ஒதுக்கப்பட்ட தண்ணீர்க் குழாயடிக்கு அந்த மூதாட்டி தனியே நடந்து போய்க் குனிந்து தண்ணீர் குடிக்கிறாள். வசனம் இல்லை, நடை மாத்திரமே. இக்காட்சி நாவலில் கிடையாது, படத்துக்கென்று சேர்க்கப்பட்டது. சேர்த்தது நன்று. ஆனால் இன்னொரு மாற்றம் எனக்கு உவப்பானதல்ல. நாவலில் ஜேன் பிட்மனின் கதையைக் கேட்டுப் பதிவு செய்பவர் ஒரு வரலாற்று ஆசிரியர். மாணவர்களுக்குச் சொல்ல இப்படியொரு கதை தேவை என்று அவளைத் தேடி வருபவர். படத்தில் அவ்விடத்தை ஒரு வெள்ளையினப் பத்திரிகையாளர் பிடித்துக்கொள்கிறார். ஒரு சமூகத்தின் கதை வெளியார் காது வழியாகத்தான் அரங்கேற வேண்டுமென்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அது வலித்தது. டைசனின் நடிப்பு அந்தக் கணக்கையும் மீறி நிற்பது வேறு விடயம்.

1977இல் 'ரூட்ஸ்' தொடர். தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் நாம் வாசித்த அலெக்ஸ் ஹேலியின் நூல்தான் அது. கம்பியாவின் ஜுஃபூரே கிராமத்து மண்டிங்கா முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த குந்தா கிந்தேயின் தாய் பிந்தாவாக டைசன் தோன்றினார். தொடரின் ஆரம்பத்தில் மட்டுமே வருகின்ற சிறிய பாத்திரம். ஆயினும் ஒரு தாயிடமிருந்து, ஒரு மொழியிலிருந்து, ஒரு தொழுகையிலிருந்து பிடுங்கப்பட்டவன்தான் அடிமையாக்கப்பட்டான் என்பதைப் பார்வையாளர் உணர வேண்டுமானால், அந்தத் தாய்க்கு ஒரு முகம் வேண்டுமல்லவா? அதன் இறுதிப் பாகத்தை ஏறத்தாழ பத்துக் கோடி அமெரிக்கர்கள் பார்த்ததாகச் சொல்வார்கள்.

புகழ்ந்து கொண்டே போவது விமர்சனமாகாது. டைசனின் கொள்கைக்கு ஒரு பலவீனமும் இருந்தது. 1978இல் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டாவாகவும், அடிமைகளைத் தப்புவித்த ஹரியெட் டப்மனாகவும் நடித்தார். 1981இல் சிக்காகோவில் வறிய பிள்ளைகளுக்காகச் சொந்தமாகப் பாடசாலை நிறுவிய ஆசிரியை மார்வா கொலின்ஸாக வந்தார். எல்லோரும் போற்றத்தக்கவர்கள். ஆனால் போற்றத்தக்கவர்களை மட்டுமே தொடர்ந்து நடிக்கும்போது மனிதர் மெல்ல மெல்லச் சிலையாகி விடுகிறார். இழிவுபடுத்தும் சித்திரத்துக்கு மாற்று, குறையே இல்லாத சித்திரமல்ல. நமது எழுத்திலும் இந்த இழுபறி உண்டு. சமூகத்தின் குறையை எழுதினால் காட்டிக் கொடுத்தவன். நிறையை மட்டும் எழுதினால் பொய்யன்.

முதுமையில் டைசன் இந்த முடிச்சை அவிழ்த்தார் என்று நினைக்கிறேன். 2013இல், முப்பது ஆண்டுகளுக்குப் பின் புரோட்வே மேடைக்குத் திரும்பி, ஹோர்ட்டன் ஃபூட்டின் 'த ட்ரிப் டு பௌண்டிஃபுல்' நாடகத்தில் கெரி வொட்ஸ் என்ற மூதாட்டியாக நடித்தார். சாவதற்கு முன் பிறந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிடத் துடிக்கும், பிடிவாதமும் குறும்பும் நிறைந்த கிழவி. பெரும்பாலும் வெள்ளையினப் பாத்திரமாக நடிக்கப்பட்டு வந்தது அது. இங்கே அவர் யாருக்கும் முன்மாதிரியல்ல. வீட்டுக்குப் போக ஆசைப்படும் ஒரு மனுஷி. 88 வயதில் டொனி விருது கிடைத்தது. 2018இல் கௌரவ ஒஸ்கார். அதைப் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண் அவர்தான்.

'த ஹெல்ப்' பற்றியும் ஒரு வார்த்தை. அதில் நடித்த வயோலா டேவிஸ், அப்படத்தில் வேலைக்காரிகளின் குரல் உண்மையில் கேட்கப்படவில்லை என்று 2018இல் வருந்தினார். நேர்மையான வருத்தம். அதே வயோலா டேவிஸின் தாயாக டைசன் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். 2015இல் ஒளிபரப்பான அத்தியாயமொன்றில், பெயர் பெற்ற சட்டத்தரணியான மகள் தரையில் தாயின் முழங்கால்களுக்கு இடையில் அமர்ந்திருக்க, தாய் அவளது தலையை வாருகிறாள். வாரியபடியே, மகளின் சிறுவயதில் அவளுக்குத் தீங்கு செய்த உறவினனை வீட்டோடு எரித்ததைச் சொல்கிறாள். நல்லவளா கெட்டவளா என்று தீர்ப்புச் சொல்ல முடியாத தாய். சீப்பு நிற்கவில்லை. 1963இல் தமது சுருள் முடியை மறைக்க மறுத்தவரின் கைகள் அவை என்பதை அறிந்து பார்ப்பவர்களுக்கு, அக்காட்சி இன்னும் கனமானது.

அவரது வாழ்க்கை வரலாற்று நூல் 2021 ஜனவரி 26இல் வெளிவந்தது. இரண்டு நாளில் அவர் போய்ச் சேர்ந்தார்.

எனது உம்மாவிடம் நான் கேட்க வேண்டியிருந்த கேள்விகளைப் பிறகுதான் கேட்டேன். அங்கே என்ன சமைத்தீர்கள், யாரோடு சிரித்தீர்கள், எதற்குச் சண்டை பிடித்தீர்கள் என்று. அந்த வீட்டுக் கைக்குழந்தைக்கு அரபுத் தாலாட்டுத் தெரியாமல் நம் ஊர்த் தாலாட்டையே பாடி உறங்க வைத்ததையும், எஜமானி அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ள முயன்று தோற்றதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தா. சம்பளம் பிந்திய மாதங்களையும் சொன்னா, அப்போது சிரிக்கவில்லை. இவற்றில் ஒன்றுகூட எனது கதையில் இல்லை. நான் எழுதியது உம்மாவையல்ல, எனது இரக்கத்தை.

பணிப்பெண்களைப் பற்றி இன்னும் எழுதுவோம், எழுதத்தான் வேண்டும். எழுதி முடித்ததும் அவர்களிடமே ஒரு தடவை வாசித்துக் காட்டுவோம். சமைத்தது எப்போது என்று அவர்கள் கேட்டால், கதையைத் திரும்ப எழுதுவோம்.