தானமும் நேர்த்திக்கடனும்: சாஞ்சிக் கல்வெட்டுகளை மொழிபெயர்த்தல்

சாஞ்சித் தூபிகளின் சுற்றுவேலிகளிலும் தளக்கற்களிலும் 600-க்கும் மேற்பட்ட சிறு பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. துறவியர், வணிகர், நெசவாளர், இல்லறப் பெண்டிர் எனப் பலர் தாம் அளித்த கல்லில் தம் பெயரைப் பொறிக்கச் செய்துள்ளனர். இவற்றுட் பெரும்பாலானவை 'தானம்' என்னும் சொல்லால் முடிகின்றன. இவ்வொற்றுமையே பிராமி எழுத்தைப் படித்தறிய வழிகாட்டிற்று. ஈற்றில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு எழுத்துகள் இச்சொல்லையும், அவற்றின் முன்வரும் 'ஸ' ஆறாம் வேற்றுமையையும் குறிக்கும் என 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் ஊகித்தார்.

ஆயினும், எபிகிராபியா இண்டிகாவின் இரண்டாம் தொகுதியில் இவற்றைப் பதிப்பித்த ப்யூலர், தம் கட்டுரைத் தலைப்பில் 'வோட்டிவ்' என்னும் அடையை இவற்றிற்குத் தந்தார். வழிபாட்டிடத்தில் வைக்கப்படும் எப்பொருளையும் அச்சொல்லாற் சுட்டுவது ஆங்கிலத் தொல்லியல் வழக்கு. அவ்வழக்கை நோக்க, ப்யூலரின் ஆட்சி பிழையன்று. ஆனால் அவ்வடையை அகராதி வழி நின்று 'நேர்த்திக்கடன்' எனத் தமிழில் பெயர்ப்பின் பொருள் திரிந்துவிடும்.

'வோட்டும்' என்னும் இலத்தீன் சொல் தெய்வத்தின்முன் செய்துகொள்ளும் பொருத்தனையைக் குறிப்பது. உரோமானியப் பலிபீடங்களில் வரும் வி.எஸ்.எல்.எம். என்னும் சுருக்கத்திற்கு, 'நேர்ந்ததை மனமுவந்து, தக்கவாறு செலுத்தினார்' என்பது பொருள். அதில் அமைந்த 'சொல்விட்' என்னும் வினை கடன் தீர்த்தலையும் உணர்த்துவது. தமிழரும் நேர்த்திக்கடனைச் 'செலுத்துகின்றனர்'. இருமொழியிலும் உருவகம் ஒன்றே. ஆகவே அங்கு இம்மொழிபெயர்ப்பு முற்றிலும் பொருந்தும்.

சாஞ்சித் தொடரின் அமைப்போ வேறு. 'இன்னாருடைய தானம்' என்பது வினைமுற்றின்றி அமைந்த பெயர்ப்பயனிலைத் தொடர். கொடையைக் கூறும் இத்தொடரில், கொள்வோனைச் சுட்டும் நான்காம் வேற்றுமை பெரும்பாலும் இல்லை. வேண்டுதலோ, அது நிறைவேறியதென்ற குறிப்போ பொதுவாக இல்லை. கொடுத்தவரும் கொடையுமே எஞ்சுகின்றனர். இங்கு 'நேர்த்திக்கடன்' என எழுதுவது, மூலம் கூறாத ஓர் உடன்படிக்கையை அம்மக்கள்மேல் ஏற்றுவதாகும். ல்யூடர்ஸ் தம் 1912-ஆம் ஆண்டுப் பட்டியலில் இவற்றைக் 'கொடை' என்றே பெயர்த்தது மூலத்திற்கு நெருக்கமானது.

எழுத்தே இல்லாத படையல்களுக்கு மூன்றாவதொரு சொல் வேண்டப்படும். இங்கிலாந்தின் வடபகுதியில், ஆட்ரியன் மதிலை அடுத்துள்ள கொவென்டினா தெய்வத்தின் நீரூற்றிலிருந்து 1876-இல் 13,000-க்கும் மேற்பட்ட காசுகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் வேண்டுதலுக்கு இட்டவை எவை, வேண்டியது பெற்றபின் இட்டவை எவை என்பதைக் காசுகள் கூறுவதில்லை. நோக்கத்தை முடிவு செய்யாத 'காணிக்கை' என்னும் சொல்லே அங்குத் தக்கது.

ஆகவே, நேர்ந்தமைக்குச் சான்று இருப்பின் நேர்த்திக்கடன்; கொடை என்று மூலமே கூறின் தானம்; இரண்டும் தெளியாவிடத்துக் காணிக்கை என வரையறுத்துக் கொள்ளலாம். ஆங்கிலம் ஒரே அடையுள் அடக்கியதைத் தமிழ் மூன்றாகப் பகுத்துக் காட்டவல்லது. அப்பகுப்பைக் கைவிடும் மொழிபெயர்ப்பு, ஈந்தவரையும் கடனாளியாக்கிவிடும்.