கைமணமும் கவுச்சியும்: 'செம்மீன்' நாவலை அம்பத்தூரில் வாசித்தல்

மலையாளத்தில் செம்மீன் என்றால் இறால். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நாம் எறா என்போம். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதிய நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கியபோது தலைப்பை மாற்றவில்லை. அதனால் தமிழில் அது சாப்பிடும் பொருளின் பெயராகக் காதில் விழுவதில்லை; சிவந்த, அழகான ஏதோ ஒன்றாக விழுகிறது. பழந்தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பதிற்றுப்பத்தில் செம்மீன் என்பது அருந்ததி. அரசியின் கற்புக்கு அது உவமை. தகழி இதை நினைத்துத் தலைப்பு வைத்திருக்க மாட்டார். ஆனாலும் நாவலை முடித்தவர் மனத்தில் நிற்பது எறா இல்லை, அருந்ததிதான்.

கதை பலருக்கும் தெரியும். செம்பன்குஞ்சு, சக்கி தம்பதியின் மகள் கருத்தம்மா. கருவாட்டு வியாபாரி பரீக்குட்டிமேல் அவளுக்குக் காதல். மதம் வேறு. பழனி என்ற அனாதை மீனவனுக்கு அவளைக் கட்டிக்கொடுக்கிறார்கள். கடைசியில் அவளும் பரீக்குட்டியும் சந்திக்கும் இரவில், நடுக்கடலில் சுறாவோடு போராடிப் பழனி சாகிறான். கரையில் காதலர் இருவரின் உடல்கள் ஒதுங்குகின்றன. கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் ஒழுக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையை நாவல் முதலில் சொல்லி, முடிவில் மெய்ப்பித்தும் விடுகிறது. 1965இல் ராமு காரியாட்டின் படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்று, இந்த நம்பிக்கையை இந்தியா முழுக்கக் கொண்டுபோனது.

இந்த முடிவை அப்படியே ஏற்கத் தேவையில்லை. நாவலுக்குள்ளேயே இன்னொரு காரணம் கிடக்கிறது. கருத்தம்மாவைப் பற்றி ஊரில் பேச்சு கிளம்பியதும், கூடத் தொழில் செய்தவர்கள் பழனியைத் தங்கள் படகில் ஏற்றத் தயங்குகிறார்கள். 'அப்படிப்பட்டவள்' புருஷன் இருந்தால் படகுக்கே ஆபத்து என்ற பயம். அதனால்தான் அவன் சின்னப் படகில் தூண்டிலோடு தன்னந்தனியாகப் போகிறான். துணைக்கு ஆள் இல்லாதவன் கடலில் சாவதற்குக் கடலம்மாவின் கோபம் வேண்டுமா என்ன? அவனைக் கொன்றது மனைவியின் ஒழுக்கம் பற்றிய ஊரின் கதை. தகழி இதை எழுதியிருக்கிறார். ஆனால் இதன்மேல் வெளிச்சம் போடவில்லை.

அந்தக் கதையை மகளுக்குச் சொல்பவள் தாய் சக்கி. ஆதியில் ஒரு மரத்துண்டில் ஏறி ஒருவன் கடலுக்குப் போனான். அவன் பெண்டாட்டி கரையில் மேற்கே பார்த்துத் தவமாய் நின்றாள். அவன் பிழைத்து வந்தான். இதைச் சொல்லும் சக்கி ஒரு நாளும் அப்படி நின்றவள் இல்லை. மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிழக்கே ஊர் ஊராக நடந்து விற்றவள். அவள் சேர்த்த காசும் கலந்துதான் செம்பன்குஞ்சுவின் படகும் வலையும் வந்தன. கரையில் நிற்கும் பெண்ணுக்கு நாவல் புராணம் கொடுக்கிறது. நடக்கும் பெண்ணுக்கு நான்கைந்து வரி.

இதைக் கடற்கரைக்கு வெளியே, நம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பத்தூரில் எறா வாங்கப் போவது பெரும்பாலும் ஆண். பேரம் பேசி, பெரிய எறாவாகப் பொறுக்கி, பையை ஆட்டிக்கொண்டு வருகிறவரின் நடையில் கடலிலிருந்து திரும்பியவரின் தோரணை இருக்கும். பிறகு பை சமையலறைத் தரைக்கு வரும். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்து, மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் அலச வேண்டும். ஒரு கிலோ வாங்கினால் மிஞ்சுவது அரைக் கிலோ சொச்சம். எறாவின் தலைமுள் நகக்கண்ணில் குத்தினால் இரண்டு நாள் வலிக்கும். வாரத்தில் ஆறு நாள் எஸ்டேட் பக்கம் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைத்துவிட்டு, ஏழாவது நாள் இதைச் செய்கிற பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். (உரிக்கத் தேவையில்லாத ஒரே எறா சென்னாக்குன்னி. அதை யாரும் விருந்துக்கு வைப்பதில்லை.)

சாப்பிட்டு முடித்ததும் பாராட்டு வரும்: 'அம்மா கைமணம்.' அந்தக் கையை முகர்ந்தவர்களுக்குத் தெரியும், அதில் இருப்பது கவுச்சி. எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தாலும், காபித்தூளைத் தேய்த்தாலும் ராத்திரிவரை போகாது. கற்பு என்ற சொல் கடற்கரையில் செய்யும் வேலையைக் கைமணம் என்ற சொல் சமையலறையில் செய்கிறது. ஒரு பெண்ணின் உழைப்பை எடுத்து, அவள் உடம்போடு பிறந்த குணமாக்கிவிடுகிறது. குணத்துக்குக் கூலி கேட்க முடியாது, லீவும் கேட்க முடியாது. எறா ருசியாக இல்லாவிட்டால் அன்றைக்கு அவள் மனசு சரியில்லை என்பார்கள். எறா பழசு என்று சொல்பவர் குறைவு.

நாவல் வெளிவந்த காலத்தை மறுபடி பார்ப்போம். பழனியின் சுறா ஒதுங்கும் செறியழீக்கல் கடற்கரைக்குத் தெற்கே, அதிகத் தூரமில்லாத நீண்டகரை. அங்கே 1953இல் இந்திய நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியிருந்தது. விசைப்படகு, ஐஸ், இழுவலை. அதே காலத்தில் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறத் தொடங்கியது. கருத்தம்மா கடலம்மாவுக்குப் பயந்துகொண்டிருந்த நாள்களில், செம்மீன் டாலராக மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தைக் கரைப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தவர் லீலா குலாத்தி. 1984இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட அவருடைய ஆய்வு நூல், கேரளக் கடற்கரைப் பெண்களைப் பற்றியது. கையால் வலை பின்னும் வேலையை நைலான் வலை கொண்டுபோனது. இறால் உரிக்கும் கொட்டகைகள் வந்தன. ஐஸ் தண்ணீரில் விரல் விறைக்க, உரித்த அளவுக்குக் கூலி. 'செம்மீன்' வாசிக்கிறவர்கள் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டிய நூல் அது. இரண்டும் ஏறக்குறைய ஒரே கரையைப் பற்றியவை. ஒன்றில் பெண் நிற்கிறாள், இன்னொன்றில் உட்கார்ந்து உரிக்கிறாள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். அங்கே ஏரியின் சேற்றில் உட்கார்ந்து, கையால் துழாவி எறா பிடிக்கும் பெண்கள் உண்டு. இருளர் பெண்கள் பலர். பிடித்ததைப் போட ஓலைப் பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அந்த ஏரியில் யார், எப்போது, எங்கே வலை விடலாம் என்பதை முறைவைத்துப் பிரிக்கும் 'பாடு' என்ற வழக்கம் இருக்கிறது. ஆய்வாளர்கள் மெச்சும் ஏற்பாடு அது. அந்தப் பாட்டில் பங்கு ஆண்களுக்குத்தான். கையால் பிடிக்கும் பெண்ணுக்கு முறையும் இல்லை, பங்கும் இல்லை. அவள் கடலுக்குப் போகாமல் கரையில் நிற்பவளும் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் இருப்பவள். அவளை வைத்து இன்னும் ஒரு 'செம்மீன்' எழுதப்படவில்லை.

இவ்வளவு சொன்னாலும் இந்த நாவலை மூடி வைக்க எனக்கு மனமில்லை. காரணம் கருத்தம்மாவின் காதல் அல்ல, அவள் கேட்கும் கணக்கு. படகு வாங்கப் பரீக்குட்டி கொட்டகையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கருவாடு சுமந்து வந்த செம்பன்குஞ்சு, பிறகு அந்தக் கடனைப் பேசுவதே இல்லை. அதைத் திருப்பிக் கொடு என்று வீட்டில் விடாமல் கேட்பவள் கருத்தம்மா. விமர்சகர்கள் இதைக் காதலனுக்காகப் பரிகிறாள் என்றுதான் பெரும்பாலும் வாசிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடும்பத்தின் செழிப்பு யாருடைய பொருளில், யாருடைய முதுகில் வந்தது என்று அந்தப் புத்தகத்தில் அவள்தான் கேட்கிறாள். அப்பா அதற்குக் கோபப்படுகிறார். ஊர் அதை அவள் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுகிறது. பணத்தைப் பற்றி வாய் திறந்த பெண்ணைப் படுக்கையைப் பற்றிப் பேசி அடக்குவது எந்தக் கரைக்கும் புதிதில்லை.

இப்போது சுத்தம் செய்த எறா பாக்கெட்டில், செயலியில் வருகிறது. சந்தையோரம் அருவாமணையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் கொடுத்தாலும், கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு உரித்துத் தருகிறார். வீட்டுப் பெண்ணுக்கு அது நிம்மதி. அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அந்த அக்காவுக்கு நாம் கொடுக்கும் காசில்தான் எறா உரிப்பதற்கு முதன்முதலாக ஒரு விலை சொல்லப்படுகிறது. அந்த விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறவரும், பெரும்பாலும், எறாவைப் பொறுக்கி வாங்கிய அதே ஆள்தான்.