பாலமும் பகைவனும்

போர்ப்படங்களிலே பகைவனுக்கென இரண்டு வேடங்கள் உண்டு: ஒன்று அரக்கன், மற்றொன்று மூடன். 1957-இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் படத்திலே, ஜப்பானியத் தளபதி சைட்டோ இரண்டையும் ஒருங்கே தாங்கி நிற்கிறான். டேவிட் லீனின் கைத்திறனை நாம் மறுக்கவில்லை. செசூ ஹயகாவாவின் நடிப்பையும் மறுக்கவில்லை. படம் சொல்லும் பொய்யைத்தான் மறுக்கிறோம்.

கதை என்ன? சயாம் காட்டிலே இருப்புப்பாதை போடும் ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியவில்லையாம்! கைதியாக வந்த ஆங்கிலத் தளபதி நிக்கல்சன் வேறு இடம் தேர்கிறார், கணக்குப் போடுகிறார், பாலம் எழுகிறது. சைட்டோவோ தனியறையிலே குமுறி அழுகிறான். வெள்ளையன் சிறைப்பட்டாலும் ஆசான், ஆசியாக்காரன் வென்றாலும் மாணாக்கன்! இந்த இறுமாப்பன்றோ படத்தின் அடிநாதம்?

வரலாறு கூறுவது வேறு. 1942-இல் தொடங்கிய 415 கிலோமீட்டர்ப் பாதையை, மலையும் காடும் குடைந்து, 1943 அக்டோபரில் முடித்தனர் ஜப்பானியப் பொறியாளர். பாலத்துக்கான இரும்புத் தூலங்களை ஜாவாவிலிருந்து கொணர்ந்தனர். வரைபடம் அவர்களுடையது, வியர்வையும் குருதியும் பிறருடையவை. அங்கே கைதிகளின் தலைவராயிருந்த டூசி, பகைவனுக்குப் பாலம் கட்டிப் பெருமிதம் கொண்டவருமல்லர். படத்திலே தகர்ந்து வீழும் பாலம், 1945-இல் விமானக் குண்டுகளால் சிதைந்து, பின்னர் செப்பனிடப்பெற்று, இன்றும் காஞ்சனபுரியில் நிற்கிறது. வேடிக்கை கேளுங்கள்: அது கடக்கும் ஆற்றுக்கு அன்று குவாய் என்ற பெயரே இல்லை. படம் பார்த்தோர் தேடி வரவே, 1960-களில் அப்பெயரைச் சூட்டினர்!

“ஜப்பானியனுக்குப் பரிந்து பேசுகிறீர்களோ?” என்பர் சிலர். அல்ல. அவனை மூடனாகக் காட்டுவதுதான் அவனுக்குப் பரிவது. அறியாமையால் விளைந்த கொடுமையா அது? நாள் குறித்து, கணக்கிட்டு, மருந்தும் போதிய உணவுமின்றி, பெருமழையிலும் காலராவிலும் மனிதரை வாட்டி வேலை வாங்கிய கொடுமை! 12,000-க்கு மேற்பட்ட கைதிகள் மாண்டனர். அதனை ஒரு முன்கோபியின் குமுறலாகச் சுருக்கிவிட்டால், ஆணையிட்ட டோக்கியோ தப்பித்துக்கொள்கிறது.

மாண்டோர் கைதிகள் மட்டுமா? மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் இழுத்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் ஆகியோருள் இறந்தவர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது மதிப்பீடு. கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. இவர்களுள் பெரும்பாலோர்க்கு அதுவுமில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்திலே, அந்தப் பாலத்தடியில் இவர்களுள் ஒருவர் முகமும் தென்படவில்லை.