பராக்கிரம பாண்டியன் கொலை: ஒற்றைச் சான்றும் வரலாற்றெழுத்தும்

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை அரியணைக்காக மூண்ட உள்நாட்டுப் போரைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் ஒரே காட்சியில் தொடங்குகின்றன. குலசேகர பாண்டியன் மதுரையை முற்றுகையிடுகிறான். உள்ளிருந்த பராக்கிரம பாண்டியன் ஈழ மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் (1153-1186) உதவி வேண்டுகிறான். ஈழப் படை கடல் கடக்கும் முன்பே நகர் வீழ்கிறது. பராக்கிரமன் மனைவி மக்களோடு கொல்லப்படுகிறான். ஐயத்திற்கு இடமற்ற செய்தியாக எழுதப்படும் இக்கொலைக்குரிய சான்று, மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சத்தின் 76ஆம் அத்தியாயமே.

அதே நூலின் 76, 77ஆம் அத்தியாயங்கள் படைத்தலைவன் இலங்காபுரனின் முழு வெற்றியோடு முடிகின்றன. அம்முடிவை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. இலங்காபுரன் உள்ளிட்ட தண்டநாயகர்களின் தலைகள் மதுரை வாயிலில் தைக்கப்பட்டதைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு கூறுவதால், நூலாசிரியர் தோல்வியை மறைத்தார் என்று முடிவு செய்கின்றனர். இது சரியான முடிவே. ஆனால் இறுதியை ஐயுறும் நாம் தொடக்கத்தை அப்படியே ஏற்பது எந்த அளவுகோலால்?

நூலுக்குள் இக்கொலை ஆற்றும் பணியைக் கவனிக்க வேண்டும். இராமேசுவரத்தைக் கைப்பற்றியது, குந்துகாலில் பராக்கிரமபுரம் என்ற அரண் எழுப்பியது, பாண்டிநாட்டுத் தலைவர்களோடு பொருதது ஆகியவற்றை ஊர்ப்பெயரும் ஆட்பெயருமாக விரித்துரைக்கும் ஆசிரியர், ஓர் அரசனின் முடிவை மட்டும் மாதோட்டத்தில் காத்திருந்த படைக்கு எட்டிய சேதியாக மிகச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறார். அச்சேதிக்குப் பின் படையெடுப்பின் நோக்கமே மாறுகிறது. உதவிக்குப் புறப்பட்ட படை, குலசேகரனை அழித்துக் கொலையுண்டவன் மரபினருக்கு நாட்டை மீட்டளிக்கும் படையாகிறது. பராக்கிரமன் உயிரோடிருந்தால் அவன் அழைப்பின் எல்லைக்குள் நிற்க வேண்டிய போருக்கு, அவன் இறப்பு எல்லையற்ற நியாயத்தை அளிக்கிறது. மனைவி மக்களோடு கொல்லப்பட்டான் என்ற நூல், இளைய மகன் வீரபாண்டியன் தப்பி மறைந்திருந்ததைப் பின்னர்த் தனியே விளக்க வேண்டியதாகிறது. சிறைபிடித்த தமிழரைக்கொண்டு, முன்பு தமிழர் சிதைத்த தூபிகளைச் செப்பனிடச் செய்ததையும் அது பெருமிதத்தோடு பதிவு செய்கிறது. நீதிக்கான போர் என்ற சட்டகம் அவ்வளவு தூரம் நீள்கிறது.

பாலி பயின்ற தமிழாய்வாளர் அருகியிருப்பதும் இந்த நிலைக்கு ஒரு காரணம். கைகரின் ஆங்கில மொழிபெயர்ப்பே பலருக்கும் மூலநூலாகிவிடுகிறது. இக்கட்டுரையாளரும் அதற்கு விலக்கல்லர்.

சோழர் சாசனங்கள் நடுநிலையானவை என்பது வாதமன்று. இரண்டாம் இராசாதிராசனின் 5ஆம் ஆட்சியாண்டு ஆர்ப்பாக்கம் கல்வெட்டில் ஈழப்படையினர் இராமேசுவரம் கோயில் கதவுகளைப் பெயர்த்துப் பூசையைத் தடுத்த சிவத்துரோகிகள். அவர்களின் தோல்விக்காக உமாபதிதேவர் 28 நாள் வழிபாடு செய்கிறார். எதிரிலிசோழச் சம்புவராயன் அவருக்கு ஆர்ப்பாக்கத்தையே கொடையாக அளிக்கிறான். பல்லவராயன்பேட்டைச் சாசனத்தில் குலசேகரன் நாடிழந்து சோழரிடம் அடைக்கலம் வேண்டி வந்தவன், கொலைகாரன் அல்லன். சோழர்க்குத் தேவைப்பட்டது அடைக்கலம் காத்த புகழ்; ஈழத்தார்க்குத் தேவைப்பட்டது பழிதீர்க்கும் அறம். ஒரே மனிதன் இரு சட்டகங்களில் இரு வேறு ஆளாகிறான்.

ஆயினும் கொலை நிகழவே இல்லை என்று கூற இச்சான்றுகள் இடம் தரவில்லை. 12ஆம் ஆட்சியாண்டுத் திருவாலங்காட்டுச் சாசனத்தின்படி, நன்றி மறந்து ஈழத்தோடு உறவுகொண்ட குலசேகரனை நீக்கிய சோழர், ஈழத்தார் முன்பு ஆதரித்த அதே வீரபாண்டியனை மதுரையில் அமர்த்தினர். எதிர்த்தரப்பும் அவனது உரிமையை ஏற்றதால், அவன் குடியிடமிருந்து மதுரை பறிபோனது என்ற அளவில் சூளவம்சம் வலுப்பெறுகிறது. பராக்கிரமனின் வீழ்ச்சி இருதரப்புச் சான்றுகளாலும் தாங்கப்படுவது. அவன் கொலையுண்டது அவ்வாறன்று. அவ்விடத்தில் 'கொல்லப்பட்டான்' என்று எழுதுவதினும் 'கொல்லப்பட்டான் எனச் சூளவம்சம் கூறுகிறது' என்று எழுதுவதே பொருந்தும்.